சுவருக்குள் தட்டுவது யார்?

கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே முன்னாளில் நீருக்கு இருந்த ஓசைகள் சிலவே. வாளி கிணற்றில் விழும் ஓசை, கப்பி கிறீச்சிடும் ஓசை, தலையில் வார்த்த நீர் குளிக்கும் கல்லிலே சிதறும் ஓசை: இவ்வளவுதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இம்மணற்பரப்பிலே, சில அடிகள் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறிற்று. வீட்டுக்கு ஒரு கிணறு. கிணற்றுக்கு ஒரு வாளி. பழுதானால் கயிற்றை மாற்றினால் போதும்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பலிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. உயிர் தப்பியவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது கிணறுகளிலே உப்பும் சேறுமே நிறைந்திருந்தன. அந்நிகழ்ச்சிக்குப் பின் குழாய் நீரின் மீது மக்களுக்கு நாட்டம் பெருகியது இயல்பே. இன்று வீடுகளின் உச்சியிலே தண்ணீர்த் தாங்கி வீற்றிருக்கின்றது. சுவருக்குள்ளே குழாய் ஓடுகின்றது. குளியலறையிலே ஷவர் தொங்குகின்றது. இவற்றோடு கூடவே, முன்னோர் கேட்டறியாத ஓர் ஓசையும் நம் வீடுகளிலே குடிபுகுந்துவிட்டது. ஷவரை மூடியதும் சுவருக்குள்ளே "டம்" என்றொரு இடி. சில வீடுகளிலே "டட டட டட" என்று தறி அடிப்பதுபோல ஓயாத தட்டல். இன்னும் சில வீடுகளிலோ, ஒருவரும் குழாயைத் தொடாத நடுநிசியிலே, யாரோ விரலை மடக்கிச் சுவரிலே தட்டுவதுபோல விட்டுவிட்டு ஓர் ஓசை.

நடுநிசி ஓசைக்குப் பெரியவர்கள் கூறும் காரணங்கள் வேறு. ஒரு வீட்டிலே ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படுக்கிறார்கள். அடுத்த ஊரிலே திருநீறு பூசிக்கொண்டு படுக்கிறார்கள். அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அடுத்த நாட்காலை மேசனை அழைத்துச் சுவரை உடைக்கச் சொல்லும் வழக்கம் ஒன்று பரவி வருகின்றதே, அதனைத் தடுக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். இவ்வோசைகளுள் பெரும்பாலானவை சுவரை உடையாமலே தீரக்கூடியவை. எந்த நேரத்திலே தட்டுகின்றது என்பதைக் கவனித்துக் கேட்டால், எங்கே பழுது என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

முதலிலே, மூடியவுடன் கேட்கும் அந்த ஒற்றை இடியை எடுத்துக்கொள்வோம்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ் வண்டியிலே நெருக்கமாக நின்று பயணஞ் செய்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சாரதி திடீரெனப் பிரேக்கை அழுத்துகின்றார். முன்னால் நிற்பவர் கண்ணாடியை நோக்கிச் சாய்கின்றார். அவர் முதுகிலே அடுத்தவர், அடுத்தவர் முதுகிலே அதற்கடுத்தவர் என்று நெருக்குதல் முன்னிருந்து பின்னோக்கி அலைபோலப் பரவுகின்றது. கடைசி மனிதரை அடைந்த பின்னரே எல்லோரும் மீண்டும் பின்னால் சாய்கின்றனர். குழாய்க்குள் ஓடும் நீருக்கும் இதே கதிதான். அரை அங்குல உள்விட்டமுள்ள குழாய் 20 மீற்றர் நீளமிருந்தால், அதற்குள்ளே இரண்டரைக் கிலோகிராம் நீர் ஓடிக்கொண்டிருக்கின்றது. இரண்டரைக் கிலோ எடையுள்ள நீண்ட சம்மட்டி ஒன்று செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வருகின்றது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வால்வை நாம் சட்டென்று மூடுகின்றோம். சம்மட்டி எங்கே போகும்? வால்வின் கதவிலேதான் மோதும். பொறியியலார் இதற்கு 'நீர்ச் சம்மட்டி' என்றே பெயரிட்டுள்ளனர், பொருத்தமான பெயர்.

இதற்குக் கணக்கு வகுத்துத் தந்தவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் சுக்கோவ்ஸ்கி. பின்னாளிலே ரஷ்ய விமானவியலின் தந்தை எனப் போற்றப்பட்ட அதே மனிதர்தான். மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களிலே அவர் 1897, 1898 ஆம் ஆண்டுகளில் பரிசோதனைகள் நடத்தி, திடீரென மூடும்போது ஏறும் அமுக்கம், நீர் இழந்த வேகத்தையும் அந்தக் குழாய் நீரிலே ஒலி பரவும் வேகத்தையும் பெருக்கியதற்கு ஏற்ப அமையும் என்று நிறுவினார். மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். இரும்புக் குழாயிலே இவ்வலை செக்கனுக்கு ஏறத்தாழ 1300 மீற்றர் வேகத்திலே செல்லும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடிய நீரை உடனே நிறுத்தினால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 13 கிலோ எடை ஏறி அமர்ந்தாற்போன்ற அமுக்கம் பிறக்கின்றது. 130 மீற்றர் உயரத்திலே ஒரு தாங்கியைக் கட்டி வைத்தாற்போல! நாம் இப்போது பயன்படுத்தும் பி.வி.சி. குழாய் சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் அலையின் வேகம் செக்கனுக்கு 500 மீற்றர் அளவிலே நிற்கும். அமுக்கமும் 5 கிலோ அளவிலே அடங்கும். அதுவும் சிறிதன்று. 20 அடி உயரத்திலுள்ள நமது தாங்கி சாதாரணமாகக் கொடுப்பது 0.6 கிலோதான். எட்டு மடங்கு சுமையைக் குழாயின் ஒவ்வொரு பொருத்தும் ஒவ்வொரு நாளும் தாங்குகின்றது. பசை ஒட்டிய பொருத்து ஒருநாள் விலகுமாயின் அது குழாயின் குற்றம் அன்று.

பரிகாரமும் இதே கணக்கிலேயே இருக்கின்றது. 20 மீற்றர்க் குழாயிலே அலை தாங்கிவரை சென்று மீள எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்குள் மூடிவிட்டால் முழு அடியும் விழும். ஒரு செக்கன் எடுத்து மெதுவாக மூடினாலோ, அமுக்கம் சில மீற்றர் உயர நீரின் அளவுக்குக் குறைந்துவிடும். கால் சுற்றிலே திறந்து மூடும் புதுவகைக் குழாய்கள் அழகானவை, விரலால் தள்ளினாலே அடங்குபவை. இடிக்கும் அவையே பெரிய காரணம். பழைய திருகு வால்வை ஐந்தாறு சுற்றுச் சுற்றி மூடிய காலத்திலே அந்த அலுப்பே நமக்குக் காவலாக இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: ஷவரை மூடும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணி மூடவேண்டும். காசு செலவில்லாத வைத்தியம் இது.

மெதுவாக மூடியும் ஓசை கேட்டால், குழாய் சுவரிலே பிடிப்பின்றி ஆடுகின்றது என்று கொள்ளலாம். தாங்கியிலிருந்து குளியலறைக்கு வெளிச்சுவர் வழியே இறங்கும் குழாயைக் கையால் அசைத்துப் பாருங்கள். பல வீடுகளிலே மேலே ஒரு கிளிப்பும் கீழே ஒரு கிளிப்பும் மட்டுமே இருக்கும். நடுவிலே குழாய் தாமரைத் தண்டுபோல ஆடும். இரண்டரை அடிக்கு ஒன்றாகக் கிளிப் அடித்து, குழாய்க்கும் கிளிப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் ரியூபில் வெட்டிய றப்பர்ப் பட்டி ஒன்றைச் செருகிவிட்டால் இடியின் பாதி அங்கேயே அடங்கும். கடற்காற்று அடிக்கும் ஊராகையால் ஆணிகள் துருப்பிடியாதவையாக இருத்தல் நன்று.

இரண்டாவது ஓசை, ஷவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும் தறியோசை. மருதமுனைக்காரர்களுக்கு இவ்வுவமை நாம் சொல்லாமலே விளங்கும். வால்வைப் பாதி திறந்தால் தட்டும். முழுவதும் திறந்தால் அடங்கும். சிறிது மூடினால் மறுபடியும் தட்டும். இப்படி நடந்தால் பழுது வேறெங்கும் இல்லை, ஷவர் வால்வின் வயிற்றுக்குள்ளேதான் இருக்கின்றது.

திருகி மூடும் குழாயை 1845 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ரொதராம் நகரத்துப் பித்தளை வார்ப்பகமான கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் காப்புரிமை செய்தது. இன்றைய திருகு வால்வுகளும் அந்த வழியிலே வந்தவைதாம். கைபிடியைத் திருகும்போது ஒரு தண்டு கீழிறங்கும். அதன் நுனியிலே சிறு தட்டு. தட்டின் அடியிலே றப்பர் வாசர். வாசர் பித்தளை இருக்கையிலே அமர்ந்து நீரை அடைக்கும். நாட்பட வாசர் கடினமாகித் தேய்ந்துவிடும். கிணற்று மோட்டரோடு மேலேறும் நுண்மணலும் அதனை அரிக்கும். அதனைப் பிடித்திருக்கும் சிறு சுரையும் தளரும். அப்போது தட்டு ஆடத் தொடங்கும். ஒடுங்கிய இடைவெளியிலே நீர் விரைந்து ஓடும்போது அங்கே அமுக்கம் குறையும். டானியல் பேர்ணூலி 1738 இலே வெளியிட்ட நூலினால் உலகறிந்த உண்மை இது. அமுக்கம் குறைந்ததும் வாசர் இருக்கையை நோக்கி இழுபடும், வழி அடைபடும், நீர் தடைபட்டதும் அமுக்கம் ஏறி வாசரை மேலே தள்ளும், வழி திறக்கும், மீண்டும் இழுபடும். ஒரு செக்கனுக்குள்ளே இது பல தடவை நிகழ்கின்றது. சிறு சிறு நீர்ச் சம்மட்டிகள் வரிசையாக விழுகின்றன எனலாம். யாழின் நரம்பு அதிர்வதும் இந்த வாசர் அதிர்வதும் இயற்கையின் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம். நரம்பின் அதிர்வைக் கணக்கிட்டு 1947 இலே 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள், கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிலே பிறந்தவர் என்பதை மாணவர்கள் மறவாதிருப்பார்களாக.

இதனைத் திருத்தச் சுவரை உடைக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சுவருக்குள்ளே பதிந்திருப்பது வால்வின் உடல் மட்டுமே. அதன் தலைப்பகுதி முழுவதும் முன்புறமாகக் கழன்று வரும்படியே செய்யப்பட்டுள்ளது. முதலிலே தாங்கியின் அடியிலுள்ள வால்வை மூடி, ஷவரைத் திறந்து குழாயிலுள்ள நீரை வடியவிடுங்கள். தரையிலே நீர் வடியும் துவாரத்தை ஒரு துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய சிறு திருகாணி அதற்குள்ளே உருண்டோடிவிட்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கைபிடியின் நடுவிலுள்ள மூடியை நெம்பினால் திருகாணி தெரியும். அதனைக் கழற்றிக் கைபிடியையும், சுவரோடு ஒட்டியுள்ள வட்டத் தகட்டையும் எடுத்தால், அறுகோணப் பித்தளைத் தலை தோன்றும். ஸ்பானரைப் போடுமுன்னர் தண்டைத் திறந்த நிலையிலே வைத்துக்கொள்ளவேண்டும். மூடிய நிலையிலே திருகினால் வாசரும் இருக்கையும் நெரிபடும். பசுமை படர்ந்து இறுகியிருந்தால் பலாத்காரம் வேண்டாம். சிறிது எண்ணெய் விட்டு ஒருமணி நேரம் பொறுத்திருந்து பார்க்கலாம். அப்போதும் அசையாவிட்டால் கைதேர்ந்த பைப் வேலைகாரரிடம் விட்டுவிடுவதே புத்தி. முறுக்கிய வேகத்திலே உட்குழாய் உடைந்தால்தான் சுவரை உண்மையாகவே உடைக்கவேண்டி வரும்.

தலை கழன்று வந்ததும் பழைய வாசரைக் கடைக்குக் கொண்டுசென்று அதே அளவிலே புதியது வாங்குங்கள். சிறு சுரையை இறுக்கிப் பூட்டுங்கள். விரலை உள்ளே விட்டு இருக்கையின் விளிம்பைத் தடவிப் பார்க்கவும் மறக்கக்கூடாது. அங்கே வெட்டு இருந்தால் புதிய வாசரும் சில மாதங்களிலே கிழிந்துவிடும். வாசரை மாற்றிய பின்னரும் தட்டினால் தண்டின் புரியே தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது தலைப்பகுதி முழுவதையும் மாற்றவேண்டும். கால் சுற்று வால்வானால் வாசர் இராது. பீங்கான் தட்டுகள் பூட்டிய உட்பகுதியை முழுதாகவே மாற்றுவர்.

மூன்றாவது, அந்த நடுநிசி ஓசை. இதிலேதான் ஷவருக்கு வீண்பழி வந்து சேர்கின்றது.

சாய்ந்தமருதிலே எமக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று மகளுக்கெனப் புதுவீடு கட்டியது. மகளுக்கு வீடு கொடுத்து மணம்முடித்து வைப்பது இப்பகுதியின் வழமை; அதற்காகவே ஆயுட்கால உழைப்பைச் செங்கல்லாக அடுக்கும் தந்தையர் இங்கே அநேகர். திருமணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, குளியலறைச் சுவர் இரவிலே தட்டத் தொடங்கிற்று. மேசன் வந்து பார்த்து, ஷவர் வால்விலேதான் பழுது, டைலை உடைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த நிறத்திலே டைல் மீண்டும் கிடைக்குமா என்பது வாப்பாவின் கவலை. உம்மம்மாவின் கவலையோ வேறு. "சேர், புதுமனைக்குள்ள பிள்ளை காலடி எடுத்து வைக்கக்குள்ள சுவர் தட்டுறது நல்லாவா இருக்கு?" என்று எம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பௌதிகப் புத்தகத்திலே விடை இல்லை.

நாம் கேட்டது ஒன்றே: எப்போது தட்டுகின்றது? குளிக்கும்போது ஒரு நாளும் தட்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பின் தொடங்கி, சுபஹ் தொழுகைக்கு ஊர் எழும்போது நின்றுவிடுகின்றது. இதைக் கேட்டதுமே ஷவர் குற்றவாளியன்று என்பது தெளிவாயிற்று. ஏனெனில் ஷவருக்கு நீர் தருவது தாங்கி. தாங்கியின் உயரம் பகலிலும் இரவிலும் ஒன்றே. இரவிலே மாறுவது வீதிக் குழாயின் அமுக்கம். ஊர் உறங்கும்போது நீரை எடுப்பார் இல்லை. ஆகவே பெருங்குழாயிலே அமுக்கம் ஏறுகின்றது. அந்த நேரத்திலே தாங்கியும் நிரம்பும் தறுவாயில் இருக்கும். தாங்கிக்குள்ளே நீரை நிறுத்தும் மிதவை வால்வு ஏறத்தாழ மூடிய நிலையிலே நிற்கும். பாயும் நீர் தாங்கியிலே சிற்றலைகளை எழுப்ப, மிதவை அவ்வலையோடு மேலெழுந்து வால்வைச் சட்டென மூடும். குழாயிலே ஓர் இடி. அலை தாழ மிதவையும் தாழும், வால்வு திறக்கும், மறுபடியும் மூடும். அவ்வீட்டிலே மேலேறும் குழாயும் ஷவருக்கு இறங்கும் குழாயும் ஒரே சுவரிலே அருகருகே பதிக்கப்பட்டிருந்தன. ஆகையால் தாங்கியிலே விழுந்த அடி ஷவருக்குப் பின்னால் கேட்டது. நீரிலே ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர் அளவிலே ஓடும். காற்றிலே 340 தான். எங்கே பிறந்தது, எங்கே கேட்டது என்று செவியால் பிரித்தறிவது அரிது.

அன்றிரவு மூத்த மகன் கைவிளக்கோடு ஏணியிலே ஏறித் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். மிதவை நடனமாடிக்கொண்டிருந்தது. அதனைக் கையால் அழுத்திப் பிடித்ததும் கீழே தட்டல் நின்றது, விட்டதும் தொடங்கிற்று. இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமோ? மறுநாள் சிறு பிளாஸ்ரிக் கோப்பை ஒன்றிலே துளைகளிட்டு, துருப்பிடியாத கம்பியால் மிதவையின் கையிலே கட்டி நீருக்குள்ளே தொங்கவிட்டோம். கோப்பை நீரிலே இழுபடுவதால் மிதவை சிற்றலைக்கெல்லாம் துள்ளமுடியாது. மெல்லவே ஏறி மெல்லவே இறங்கும். வீதிக் குழாயிலிருந்து வரும் வழியிலுள்ள வால்வையும் சிறிது மூடிவைத்தோம். டைல் ஒன்றுகூட உடையவில்லை. உம்மம்மா மூன்று இரவு காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

மிச்சமுள்ள ஓசைகளைச் சுருங்கச் சொல்லிவிடலாம். கிணற்று மோட்டர் நிற்கும் கணத்திலே மட்டும் ஓர் இடி கேட்டால், மேலேறிய நீர் திரும்பி விழுந்து மோட்டரண்டையிலுள்ள தடுப்பு வால்வை அறைகின்றது. சுருள்வில் வைத்த தடுப்பு வால்வு போட்டால் தீரும். நண்பகலிலே ஷவரைத் திறந்ததும் "டிக், டிக்" என்று கேட்டால், கூரையிலே வெயிலில் கிடந்த குழாய் சூட்டிலே நீண்டு, குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்குகின்றது, அதனால் கேடில்லை. நீர்த்தடை நீங்கி நீர் மீண்டும் வரும்போது ஷவர் இருமித் துப்பினால், உள்ளே காற்று அகப்பட்டிருக்கின்றது. உயரத்திலுள்ள குழாயை முதலில் மெல்லத் திறந்து காற்றைப் போகவிடவேண்டும்.

இந்தச் சம்மட்டியை வேலைவாங்கிய கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். 1772 இலே இங்கிலாந்தின் ஜோன் வைற்ஹர்ஸ்ட், கையால் திறந்து மூடும் குழாயிலே எழும் இடியைக் கொண்டே நீரை மேலே ஏற்றும் பொறி ஒன்றை அமைத்தார். வெப்பவாயுக் கூண்டைப் பறக்கவிட்ட பிரான்சின் மொங்கொல்பியே 1796 இலே அதனைத் தானே இயங்கும்படி செய்தார். எண்ணெயோ மின்சாரமோ இன்றி, ஓடும் நீரின் அடியினாலேயே அதில் ஒரு பங்கு நீரை மேட்டுக்கு ஏற்றும் இத்தகைய பொறிகள் மலைநாடுகள் பலவற்றிலே இன்றும் தட்டிக்கொண்டிருக்கின்றன. நமது கரையோரமோ மட்டமான மணல் நிலம். இங்கே அதற்கு வேலை இல்லை.

கிளிப் அடித்தும், வாசர் மாற்றியும், மெதுவாக மூடியும் ஒற்றை இடி அடங்காத வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஷவர் வால்வுக்கு அருகே குழாயிலிருந்து செங்குத்தாக ஒன்றரை அடிக் குழாய்த் துண்டொன்றை எழுப்பி, அதன் மேல்நுனியை அடைத்துவிடுவது. அதற்குள்ளே அகப்பட்ட காற்று மெத்தைபோல அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். புதுவீடு கட்டுவோர் டைல் ஒட்டுமுன்னரே இதனைச் செய்வித்துக்கொள்ளலாம். செலவு மிகச் சொற்பம். ஆனால் காற்று சிறிது சிறிதாக நீரிலே கரைந்துவிடும். மாதங்கள் செல்ல அத்துண்டு நீரால் நிரம்பிப் பயனற்றுப் போகும். ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவை, தாங்கியைக் கழுவும் நாளிலே, ஷவரையும் மிகத் தாழ்ந்த குழாயையும் திறந்துவைத்து நீர் முற்றாக வடியும்வரை காத்திருந்து, பின்னர் அவற்றை மூடித் தாங்கியின் வால்வை மெல்லத் திறக்கவேண்டும்.